பிள்ளையிடம் குறைவாகக் கேளுங்கள்

திருகோணமலையைச் சேர்ந்த பட்டதாரித் தங்கச்சி ஒருவர் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலைக்குத் தெரிவாகியிருக்கிறார். அவர் கேட்டது இவ்வளவும்: "விசாரணை என்றால் உண்மையில் என்ன செய்வது? பிள்ளை பொய் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொலிஸ் இருக்கும்போது நாங்கள் எதற்கு? ஸ்கூட்டி இல்லாமல் சமாளிக்கலாமா?" இந்த வேலையிலேயே தலை நரைத்த ஆள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பொய்யைப் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது இல்லை. அப்படிக் கண்டுபிடிக்கும் வித்தை என்னிடமும் இல்லை, யாரிடமும் இல்லை. அழாத பிள்ளை பொய் சொல்கிறது என்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் கற்பனை என்பார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். பயத்தில் சிரிக்கிற பிள்ளைகள் நிறைய. பிள்ளைகள் பொய் சொல்வதில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நடக்காததை நடந்தது என்று சொல்கிற பிள்ளையைவிட, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்கிற பிள்ளையைத்தான் நீங்கள் அதிகம் சந்திப்பீர்கள். முதல் நாள் சொல்லிவிட்டு, வீட்டில் அம்மா அழுவதைப் பார்த்து மறுநாள் "அப்படி ஒண்டும் நடக்கேல்ல மிஸ்" என்று மாற்றுகிற பிள்ளையையும் சந்திப்பீர்கள்.

ஏழு வயதுப் பிள்ளை ஒன்று "அவர் என்னைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார்" என்று சொன்னால் மட்டும் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். அது யாரோ பெரியவர் வாயில் வைத்த பேச்சு. அதற்காக விஷயமே பொய் என்று ஆகிவிடாது, பிள்ளை உங்களிடம் வருவதற்குள் எத்தனை பேர் அதைக் கேட்டுத் துருவியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அம்மாவும் அப்பாவும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றத்தில் நிற்கிற குடும்பங்களில் இது அடிக்கடி வரும்.

எங்கள் வேலையின் பெரிய சிக்கல் இந்தத் துருவல்தான். ஒரு பிள்ளை விஷயத்தை வழக்கமாக முதலில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சொல்லும். பிறகு வகுப்பு ரீச்சர் கேட்பார், அதிபர் கூப்பிட்டுக் கேட்பார், கிராம உத்தியோகத்தர் வருவார், பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவு வாக்குமூலம் எடுக்கும், ஆஸ்பத்திரியில் வார்டு டொக்டர் கேட்பார், சட்ட வைத்திய அதிகாரி கேட்பார், நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கைக்காகக் கேட்பார். நடுவில் நீங்களும் ஒரு கொப்பியோடு போய் உட்கார்ந்தால்? ஒவ்வொரு தடவையும் பிள்ளை கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லும், பெரியவர்களும் அப்படித்தானே. வருடங்கள் கழித்து மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வாக்குமூலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பொலிஸில் பின்னேரம் என்றீர், டொக்டரிடம் இரவு என்றீர், எது உண்மை?" என்று கேட்பார். அது அவருடைய வேலை, அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த முரண்பாட்டுக்கு வழி விட்டவர்கள் நாங்கள்.

அதனால் இந்த வேலையின் திறமை என்று நான் நினைப்பது ஒன்றுதான்: பிள்ளையிடம் எவ்வளவு குறைவாகக் கேட்கலாமோ அவ்வளவு குறைவாகக் கேட்பது, பிள்ளையைச் சுற்றி எவ்வளவு தேடலாமோ அவ்வளவு தேடுவது. பிள்ளை ஏற்கனவே ஒரு ரீச்சரிடம் விவரமாகச் சொல்லியிருந்தால், அந்த ரீச்சரிடம் போய் பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, அன்றைய திகதியோடு, எழுதி வாங்குங்கள். பிள்ளையிடம் பாதுகாப்பைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்: இன்று இரவு எங்கே படுப்பாய், வீட்டில் யார் யார் இருப்பார்கள், யாரைக் கண்டால் பயம்.

நீங்கள்தான் கேட்டாக வேண்டும் என்று வந்தால், அதற்கு ஒரு முறை இருக்கிறது. அம்மா வெளியே இருக்கட்டும், கதவு பாதி திறந்திருக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டாம். எடுத்தவுடன் விஷயத்துக்குப் போகாமல், "நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து படுக்கப் போகும் வரைக்கும் நடந்ததெல்லாம் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேளுங்கள். இந்தப் பிள்ளை எப்படிக் கதை சொல்லும், நேரம் தெரியுமா, எவ்வளவு நீளம் பேசும் என்று அதிலேயே விளங்கிவிடும். பிறகு, "எனக்குப் பிழையாக விளங்கினால் நீங்கள் திருத்தலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்" என்று சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல் சோதித்தும் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "நீங்கள் அஞ்சாம் வகுப்பு, அப்படித்தானே?" என்று கேளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் தலையாட்டிவிடுவார்கள். பெரியவர்களை மறுத்துப் பேசக்கூடாது என்றுதானே வளர்க்கிறோம். அப்படித் தலையாட்டுகிற பிள்ளையிடம் "மாமா உங்களைத் தொட்டாரா?" என்று கேட்டால் என்ன பதில் வரும், அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசியுங்கள்.

"என்ன நடந்தது, சொல்லுங்கோ", "பிறகு?", "அந்த அறையைப் பற்றிச் சொல்லுங்கோ" - இவ்வளவுதான் உங்கள் கேள்விகள். "ஏன் அப்பவே சொல்லேல்ல?" என்பது வாயில் வரவே கூடாத கேள்வி. பிள்ளைக்கு அது "உன்னில்தான் பிழை" என்று கேட்கும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். ஒரு குறிப்பிட்ட பதிலுக்குப் பிறகு "நல்ல பிள்ளை" என்று பிஸ்கட் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் வந்த உடனேயே கொடுத்துவிடுங்கள்.

சுற்றித் தேடுவது என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஊர், வயது, உறவு எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்குத் திகதி தெரியவில்லை. "கும்பம் பாக்கப் போனமே, அதுக்கு அடுத்த நாள்" என்றது. திருகோணமலையில் நவராத்திரிக் கும்பம் எந்த இரவு வீதிக்கு வந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. அந்த ஒரு சொல்லிலிருந்து பள்ளிக்கூட வரவு இடாப்பைப் பார்த்தால், அடுத்த நாள் பிள்ளை வரவில்லை. ரியூஷன் கொப்பியில் அந்தத் திகதிக்குரிய பக்கம் இல்லை. பிள்ளை சொன்ன அறையில் கதவுக்குப் பின்னால் பச்சை வாளி ஒன்றும், மேலே சுற்றும்போது "டக் டக்" என்று அடிக்கிற ஃபேன் ஒன்றும். பொலிஸ் இடத்தைப் பார்க்கப் போன நேரம் வாளியும் இருந்தது, ஃபேனும் அடித்தது. இரண்டும் படமெடுத்து எழுதப்பட்டன. பிள்ளையிடம் ஒரு கேள்விகூட மேலதிகமாகக் கேட்கவில்லை. தீபாவளி, நோன்பு, தவணைப் பரீட்சை, புலமைப்பரிசில், கடலுக்குப் போகாத மழைக்காலம் என்று பிள்ளையின் கலண்டர் வேறு. அதை எங்கள் கலண்டருக்கு மாற்றுவது எங்கள் பொறுப்பு.

சரி, பொலிஸ் இருக்க நாங்கள் எதற்கு என்று கேட்டீர்கள். குற்ற விசாரணை பொலிஸின் வேலை. கைது, வாக்குமூலம், விசாரணையில் தெரிந்ததை நீதவானுக்கு அறிவிக்கிற பி அறிக்கை எல்லாம் அவர்கள் பக்கம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் ஆள் நீங்கள். பிரதேச செயலகத்தில் உங்களுக்குப் பக்கத்து மேசையில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவர் மத்திய நன்னடத்தைத் திணைக்களம். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் ஆள், நீதிமன்றத்துக்குக் குடும்ப அறிக்கை கொடுப்பவர். உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று வேறும் உண்டு. சனத்துக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் விளங்காது, எல்லோரும் "சிறுவர் மிஸ்" தான். உங்களுக்குள் யார் எதைச் செய்வது என்று முதலே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு ஒரே கிழமையில் மூன்று பேர் மூன்று படிவத்தோடு போவீர்கள்.

அதிகார சபையின் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு வரும் முறைப்பாடுகள் மேலிருந்து உங்களிடம் வரும். பெயர் சொல்லாமலும் முறைப்பாடு செய்யலாம் என்பதால் வேலிச் சண்டையும் காணிச் சண்டையும்கூட அந்த வழியில் வரும். அதற்காக எதையும் மேசையில் போட்டு வைக்காதீர்கள். வேலிச் சண்டைக்காரன் சொன்னதாலேயே ஒரு விஷயம் பொய்யாகிவிடாது, பக்கத்து வீட்டுச் சத்தம் அவனுக்குத்தான் கேட்கும்.

வருகிறவற்றில் நிறைய, நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரிக் குற்றங்களாக இருக்காது. உம்மா சவூதியில், வாப்பா கடலில், பிள்ளை மூத்தம்மாவோடு. பள்ளிக்கூடம் போவது நின்று மூன்று மாதம். அல்லது குச்சவெளிப் பக்கத்தில் கருவாட்டு வாடியில், அதாவது கருவாடு போடுகிற கொட்டிலில், வேலைக்கு நிற்கிற பையன். கட்டாயக் கல்வி 16 வயது வரைக்கும், வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021இலிருந்து 16. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடி முதலாளிக்கு எதிராக எழுதிவிட்டு வந்தால் பையன் அடுத்த வாடிக்குப் போவான். சப்பாத்துக்கும் கொப்பிக்கும் பிரதேச செயலகத்தில் எந்தத் திட்டத்தில் காசு இருக்கிறது, அதிபர் திரும்ப எடுப்பாரா, தகப்பன் ஏன் உழைக்கவில்லை, கசிப்புச் சாராயமா ஐஸ் போதையா - இதையெல்லாம் பார்க்காமல் அந்தக் கோவை மூடாது. மிட்வைஃப் மிஸ்ஸைக் கையில் வைத்திருங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது கிராம உத்தியோகத்தரைவிட அவருக்குத் தெரியும்.

காதல் விவகாரம் இன்னொரு பெரிய பங்கு. பதினைந்து வயதுப் பிள்ளை இருபது வயதுப் பொடியனோடு போய்விட்டது என்று தகப்பன் முறைப்பாடு கொடுப்பார். இரண்டு கிழமையில் இரண்டு வீடும் சமரசமாகி, "கட்டி வைக்கிறம், கேஸை விடுங்கோ" என்று வருவார்கள். 16 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் செல்லாது. பொதுச் சட்டப்படி திருமண வயதும் 18. முஸ்லிம் விவாகத்துக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருந்தது, அதில் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது வைக்கப்படவில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வேலை செய்கிற உங்களுக்கு இது ஏட்டு விஷயமாக இருக்காது. அந்த ஊர்களில் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாதீர்கள் என்று பேசுகிற மௌலவிமாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் போங்கள், பிரச்சினை வந்த பிறகு போவதைவிட அது இலகு.

வயதை நிரூபிப்பதே சில இடங்களில் பாடு. 2006இல் யுத்தத்தால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனம் முகாம் முகாமாக அலைந்து, பல வருடம் கழித்துத்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் பத்திரங்கள் தொலைந்த வீடுகள் அநேகம். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். பிள்ளைக்கு வயது 15ஆ 16ஆ என்பதில் வழக்கே நிற்கும் அல்லது விழும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் சில காரியங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். சம்பவம் மூன்று நாளுக்குள் என்றால் ஒரு மணித்தியாலமும் வீணாக்க வேண்டாம். எச்ஐவியைத் தடுக்கிற மருந்துக்கு 72 மணித்தியாலம்தான் எல்லை, மாதிரி எடுப்பதற்கும் கர்ப்பத்தைத் தடுக்கிற மருந்துக்கும் பிந்தப் பிந்தப் பலன் குறையும். குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம் என்று வீட்டுக்குப் போனிலேயே சொல்லுங்கள். உடுப்பைக் கடதாசிப் பையில் போடச் சொல்லுங்கள். எங்கள் வெக்கைக்குப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பூசணம் பூத்து, எல்லாம் போய்விடும். வார்டில் சேர்த்த பிறகு சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார், பொலிஸ் அதற்கான படிவம் கொடுக்கும்.

பரிசோதனை முடிந்து "காயம் ஒன்றும் இல்லை" என்று வந்தால் குடும்பத்தில் பாதி பேர் "பாத்தீங்களா, ஒண்டும் நடக்கேல்ல" என்று கிளம்புவார்கள். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் உடலில் அடையாளம் எதுவும் இருக்காது, இருந்தாலும் சில நாளில் ஆறிவிடும். காயம் இல்லை என்பதற்கு, காயம் இல்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நேரம் எடுங்கள். அம்மா நம்பினால் பிள்ளை பாதி தேறிவிடும், அம்மா நம்பாவிட்டால் நீங்கள் எழுதுகிற எந்த அறிக்கையாலும் பெரிய பலன் இல்லை.

வாக்குமூலம் பற்றி ஒன்று. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும்கூட. ஆனால் பொலிஸ் நிலையத்தில் அன்றைக்குக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் ஓரளவுதான் தெரியும் என்ற நிலை இன்னும் உண்டு. தமிழில் எழுதுகிற உத்தியோகத்தர் வரும் வரை காத்திருக்கலாம் என்று கேளுங்கள். வேறு வழியில்லை என்றால் எழுதியதை ஒரு வரி விடாமல் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இதைச் சண்டையாகக் கேட்காமல் சிரித்த முகத்தோடு, ஆனால் விடாமல் கேட்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட முடியும். பிள்ளை குறுக்கு விசாரணைக்கு வரத்தான் வேண்டும், ஆனாலும் முதல் சொல் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. வசதி கிடைக்கிற வழக்குகளில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

போனில் படம் என்று வந்தால் இன்னும் கவனம். பிள்ளையின் படத்தை "ஆதாரம்" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அதை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம், உத்தியோகத்தர் என்பதால் விலக்கு வந்துவிடாது. போனை அப்படியே பொலிஸில் ஒப்படைக்க வையுங்கள். ஊர் முகநூல் பக்கங்களையும் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சீ பிரிவின் கீழ் தண்டிக்கத்தக்கது. பெயரை மட்டும் விட்டுவிட்டு, கிராமம், வகுப்பு, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் போடுவார்கள். நிலாவெளியில் அதைப் படிக்கிற எவருக்குப் பிள்ளை யாரென்று தெரியாது?

பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி நீதவான் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பலாம், தகுந்த ஆள் ஒருவரிடமும் ஒப்படைக்கலாம். சித்தி, அம்மம்மா, மாமி என்று யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்து நீதவான் முன் நிறுத்துவதுதான் உங்கள் ஓட்டம். சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் அநேகருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால், பிள்ளையை வெளியேற்றுவதற்குப் பதிலாகச் செய்தவனை வெளியேற்றப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பிள்ளைக்காக அதிகார சபை எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆளும் விண்ணப்பிக்கலாம். நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். இதை எங்கள் ஆட்கள் போதுமான அளவு பாவிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அழுத்தம் வரும். "நம்மட ஊர்ப் பொடியன், எதிர்காலம் இருக்கு" என்று கோயில் சபையிலிருந்தும் வரும், கட்சி அலுவலகத்திலிருந்தும் வரும். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும் என்று உள்ளேயே பேசி முடித்து, சம்பந்தப்பட்டவரை இடமாற்றத்தில் அனுப்பிவைத்த இடங்களும் எனக்குத் தெரியும். போனில் வருகிற எதற்கும் "சரி சேர், எழுத்தில் தாருங்கோ, கோவையில் போடுறன்" என்பதுதான் பதில். பெரும்பாலும் எழுத்தில் வராது. வந்த அழைப்பை நேரத்தோடு உங்கள் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஸ்கூட்டி. கட்டாயம் வேண்டும், லைசன்ஸ் இல்லாவிட்டால் நியமனக் கடிதம் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பாலங்கள் வந்த பிறகு மூதூர், வெருகல் பாதை நல்லதுதான், ஆனால் உள்ளூர்களுக்கு பஸ்ஸை நம்பிப் போனால் பொழுது படுவதற்குள் திரும்ப முடியாது. அலுவலக வாகனம் கிடைக்கிற நாளில்கூட வீட்டு வாசலில் அதை நிறுத்தாதீர்கள். அரசாங்க ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் நின்றால், நீங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே யாருடைய பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்கூட்டியில் போனால் நீங்கள் மகளிர் சங்கத்துக் கடன் மிஸ்ஸாகவும் இருக்கலாம். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு கோப்பை தண்ணீர் கேளுங்கள். தண்ணீர் எடுத்து வருகிற நேரத்தில் பிள்ளை எங்கே படுக்கிறது, அந்த அறைக்குக் கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று பார்த்துக்கொள்ளலாம்.